ரொறன்ரோ குளிரில் சாடிப் போன்சாய்களை வெளியில் வைத்துக் காப்பது எப்படி?

கிழக்குத் தோட்டம் (ஸ்காபரோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு வசந்தத்தில் போன்சாய் வளர்க்கத் தொடங்கிய எனக்கு இது முதலாவது குளிர்காலம். எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு ஜப்பானிய மேப்பிள், நிலத்தோடு படரும் இனத்தைச் சேர்ந்த ஒரு ஜூனிப்பர், ஒரு சீன எல்ம் ஆகிய மூன்றும் மர மேசையொன்றின் மேல் நிற்கின்றன. இவற்றைத் தவிர ஓர் ஆலங்கன்றும் இருக்கிறது. அதைச் செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே வீட்டுக்குள் கொண்டுவந்து தெற்கு ஜன்னலருகே வைத்துவிட்டேன். அது அங்கே நலமாக இருப்பதால் அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

மற்ற மூன்றையும் பற்றித்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மரங்களை விற்ற நாற்றுப்பண்ணையில், இவை குளிர்நாட்டு மரங்கள், எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள் என்று உறுதியாகச் சொன்னார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களோ, -20 பாகைக் குளிரில் ஒரு சாண் ஆழம்கூட இல்லாத சாடியில் ஓர் உயிரை வெளியே விடுவது கொலைக்குச் சமம் என்கிறார்கள். இரண்டையும் கேட்கும்போது இரண்டும் சரி என்றே படுகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும் ஜப்பானிய மேப்பிளுக்கு யாரும் எதையும் போர்த்துவதில்லை. அது ஒவ்வொரு வசந்தத்திலும் குறையின்றித் துளிர்க்கிறது. அதே இன மரம் என் சாடியில் மட்டும் ஏன் குளிருக்கு அஞ்ச வேண்டும் என்பது விளங்கவில்லை.

என்னிடமுள்ள இடங்கள் இவைதான். வீட்டோடு ஒட்டிய கராஜ் ஒன்று உண்டு. அதில் வெப்பமூட்டி இல்லை, ஜன்னலும் இல்லை, நாளுக்கு இரண்டு மூன்று முறை கார் வந்துபோகும். பின்வளவில், வீட்டின் வடக்குச் சுவருக்கும் வேலிக்கும் இடையே வெயில் படாத ஒடுங்கிய மண் நிலம் இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் சீமெந்து பதித்த திண்ணை இருக்கிறது. கராஜா, வடக்கு மண்ணா, தெற்குத் திண்ணையா? சாடியைக் குமிழித் தாளால் சுற்றிவிட்டால் போதுமா? மண் உறைந்துவிட்ட பிறகும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? எப்போது இவற்றையெல்லாம் செய்யத் தொடங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

வேரடி மண் (மார்க்கம்) எழுதியது:

வணக்கம். மேப்பிள், லார்ச், வெள்ளைச் சீடர் ஆகியவற்றை இங்கே பல குளிர்காலங்களாகச் சாடிகளில் வளர்த்து வருகிறேன். உங்களுக்குக் கிடைத்த இரண்டு அறிவுரைகளிலும் பாதி உண்மை இருக்கிறது. இந்த மூன்று மரங்களும் குளிரில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குளிரை முற்றத்து மரம் எதிர்கொள்ளும் விதம் வேறு, மேசைமேல் இருக்கும் சாடிமரம் எதிர்கொள்ளும் விதம் வேறு.

ஜப்பானிய மேப்பிளின் கிளைகளும் மொட்டுகளும் நன்றாக உறக்கநிலைக்குப் போய்விட்டால் -20 பாகையைத் தாண்டிய குளிரையும் தாங்கும். வேர்களுக்கு அந்த வலிமை வருவதில்லை, ஏனென்றால் நிலத்தில் நிற்கும் மரத்தின் வேருக்கு அது ஒருபோதும் தேவைப்படுவதில்லை. ஜனவரி இரவில் காற்று -20 பாகைக்கு இறங்கினாலும், பனி மூடிய மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு ஒருசில பாகைகள் கீழேதான் இருக்கும். மேசைமேல் இருக்கும் சாடிக்கோ மேலும் கீழும் நாற்புறமும் காற்று. அதற்குள் இருக்கும் கையளவு மண் விடிவதற்குள் வெளிக்காற்றின் குளிரையே எட்டிவிடும். ஜப்பானிய மேப்பிளின் முற்றிய வேர்கள் ஏறத்தாழ -10 பாகையில் சேதமடைகின்றன, வெள்ளை நிறத்தில் இருக்கும் இளம் வேர்கள் அதற்கு வெகு முன்னரே இறந்துவிடுகின்றன. ஆகவே உங்கள் வேலை மரத்தைச் சூடாக வைப்பதல்ல. சாடிக்குள் இருக்கும் மண் -5 பாகைக்குக் கீழே போகாமலும், நாள்தோறும் உறைந்து உருகி மறுபடி உறையாமலும் பார்த்துக்கொள்வதே முழு வேலையும்.

குமிழித் தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது எந்த வெப்பத்தையும் உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறும் வேகத்தைச் சில மணிநேரம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஒரேயொரு குளிர் இரவுக்கு அந்தத் தாமதம் பயன்படும். ஆனால் ரொறன்ரோவில் ஜனவரி இரவுகளின் சராசரியே -7 பாகைக்கு அருகில் இருக்கிறது, ஒரு வாரம் தொடர்ந்து -15 பாகையில் நிற்பதும் உண்டு. அப்படிப்பட்ட வாரத்தில் சுற்றிய சாடியும் சுற்றாத சாடியும் கடைசியில் ஒரே குளிருக்குத்தான் வந்துசேரும். போர்த்துவதற்குப் பொருள் வரவேண்டுமானால் போர்வைக்குள்ளே ஒரு வெப்ப மூலம் இருக்க வேண்டும்; செலவில்லாமல் கிடைக்கும் ஒரே மூலம் நிலம். இங்கே வீடுகளுக்கு அத்திவாரம் 1.2 மீற்றர் ஆழத்துக்குப் போடுவதே உறைவு அதற்குக் கீழே இறங்காது என்பதால்தான். அந்த ஆழத்தில் கோடை முழுவதும் சேர்ந்த வெப்பம் குளிர்காலம் முழுக்க மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது. சாடியின் அடி மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பக்கங்களும் மேற்புறமும் மூடியிருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எனவே உங்கள் மூன்று இடங்களில் வடக்குப் பக்க மண் நிலமே சிறந்தது. தெற்குத் திண்ணை மிகவும் மோசமான தேர்வு: பெப்ரவரி வெயில் சீமெந்தையும் சாடியையும் பகலில் சூடாக்கி மண்ணை உருகவைக்கும், இரவு மறுபடி உறையவைக்கும், இதற்கிடையே மரமும் வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து மொட்டுகளை வீங்கவைக்கும். வடக்குப் பக்கத்தில் ஒருமுறை உறைந்தது மார்ச் வரை உறைந்தே கிடக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் கூரை விளிம்புக்கு நேர்கீழே வைக்காதீர்கள்; கூரையிலிருந்து சறுக்கி விழும் பனிப்பாளமும் தொங்கும் பனிக்கூர்களும் ஒரு நொடியில் கிளையை முறித்துவிடும்.

நிலம் உறைவதற்கு முன்பே சாடியின் ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டிசெம்பரில் மண்வெட்டி இறங்காது. குழியின் அடியில் சிறிதளவு சரளைக்கல் போட்டால் சாடியின் துளைகள் அடைபடாமல் நீர் வடியும். சாடியை அதில் இறக்கி, சுற்றிலும் குறைந்தது ஒரு முழம் அகலத்துக்குப் பைன் மரப்பட்டைத் தூளையோ மரச்சீவலையோ நிரப்பி, சாடியின் மேற்புறத்தையும் மூடி, அடிமரத்தின் வேர்ப்பரப்பு மறைந்து அதற்கு மேலும் நாலு விரல் உயரத்துக்கு வரும்படி குவித்துவிடுங்கள். உதிர்ந்த இலைகளையும் பயன்படுத்தலாம், ஆனால் நம் தெருக்களில் நிறைந்திருக்கும் நோர்வே மேப்பிளின் அகன்ற இலைகள் மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போலப் படிந்துவிடும், அவற்றுக்கிடையே காற்று நிற்காது. ஓக் இலைகள் விறைப்பாக இருப்பதால் இதற்கு மிகவும் நல்லவை. பனி விழுந்தபின் நடைபாதையிலிருந்து அள்ளும் பனியை இந்தக் குவியலின் மேல் போடுங்கள். காற்றைத் தன்னுள் அடக்கிய புதுப்பனியைவிடச் சிறந்த போர்வை கடையில் கிடையாது. உப்புத் தூவிய இடத்துப் பனியை மட்டும் அங்கே போட்டுவிடக் கூடாது.

காலத்தைப் பற்றி: அவசரப்படாதீர்கள். ஒக்டோபரில் வரும் முதல் உறைபனிகளை மரங்கள் மேசைமேல் இருந்தபடியே அனுபவிக்கட்டும். பகல் குறைவதும் இரவு குளிர்வதும் சேர்ந்துதான் மரத்தைக் குளிர்காலத்துக்குப் பழக்குகின்றன. அந்தப் படிகளைத் தாண்டாத மரம் உறுதியாக இருக்காது. இனி நைதரசன் உரம் வேண்டாம், கிளை வெட்டவும் வேண்டாம், ஏனென்றால் இரண்டும் இளந்துளிரைத் தூண்டும். அந்தத் துளிர் முற்றுவதற்குள் உறைபனி அதைக் கருக்கிவிடும். மேப்பிளின் இலைகள் தாமாகவே நிறம் மாறி உதிரவேண்டும். உதிர்ந்தவற்றைச் சாடியின் மேலிருந்து பொறுக்கி எடுத்துவிடுங்கள், பூஞ்சணம் அங்கேதான் தங்கும். இரவுகள் தொடர்ந்து -5 பாகையைத் தொடத் தொடங்கும்போது, அதாவது இங்கே பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியில், குழிக்குள் இறக்கினால் போதும்.

ஜூனிப்பருக்கு ஒரு மேலதிகக் கவனம் வேண்டும். இலையுதிர்க்காத மரமாதலால் குளிர்காலத்திலும் அதன் செதில்களிலிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்தோ அந்த இழப்பை ஈடுசெய்ய வேரால் நீர் எடுக்க முடியாது. ஜனவரியில் அது குளிரால் சாவதைவிடத் தாகத்தால் சாவதே அதிகம். மேற்குக் காற்று வரும் பக்கமாக மூன்று குச்சிகளை நட்டுச் சாக்குத் துணியைத் திரைபோலக் கட்டுங்கள். பொலித்தீன் வேண்டாம், ஒரு வெயில் நாளில் அதற்குள் அவிந்துவிடும். குளிர் ஏற ஏற ஜூனிப்பரின் பச்சை மங்கி, செம்பு கலந்த ஊதாநிறம் பரவும்; அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏப்ரலில் பச்சை திரும்பிவிடும்.

மலைச்சாரல் (ஒட்டாவா) எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். நான் தாவர உடலியல் படித்தவள். கராஜ் பற்றியும் தண்ணீர் பற்றியும் சில விளக்கங்களைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், இந்த மரங்களை வீட்டுக்குள் ஏன் கொண்டுபோகக் கூடாது என்ற கேள்விக்கு விடை. மித வெப்ப மண்டல மரங்களின் மொட்டுகளுக்குள் உறக்கத்தைக் காக்கும் ஒரு தடை இருக்கிறது. 0 முதல் 7 டிகிரி வரையிலான குளிரில் பல நூறு மணிநேரங்கள், சில இனங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிநேரங்கள், கழிந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கும். 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் குளிர்காலத்தைக் கழிக்கும் மேப்பிளுக்கு அந்தக் கணக்கு நிறைவடையாது. வசந்தத்தில் அது சீராகத் துளிர்க்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்த்து, இரண்டொரு ஆண்டுகளில் நலிந்துவிடும். ஆல், புளி, காகிதப்பூ போன்ற வெப்பநாட்டு மரங்களுக்கு இந்தத் தேவை இல்லாததால் அவை உள்ளே இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும்.

கராஜ் தவறான இடமல்ல. இலை உதிர்ந்த மேப்பிளுக்கும் எல்முக்கும் குளிர்காலத்தில் வெளிச்சம் தேவையில்லை, ஏனென்றால் அதைப் பயன்படுத்த இலையே இல்லை. வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை ஜூனிப்பரும் இருட்டைப் பொறுத்துக்கொள்ளும். வீட்டோடு ஒட்டிய கராஜில் வேறொரு சிக்கல் உண்டு. வீட்டுச் சுவரிலிருந்து கசியும் வெப்பமும், ஓட்டிவந்த காரின் எஞ்சின் வெப்பமும் சேர்ந்து, வெளியே 0 டிகிரி இருக்கும் நாட்களில் உள்ளே 8, 10 டிகிரிவரை ஏற்றிவிடலாம். அப்படிப்பட்ட ஒரு வாரம் பிப்ரவரியில் வந்தால், குளிர்க் கணக்கை ஏற்கெனவே முடித்துவிட்ட மேப்பிள் அந்த இருட்டுக்குள்ளேயே துளிர்த்துவிடும். வெளிச்சமில்லாமல் வந்த வெளிறிய துளிரை வெளியே கொண்டுபோகவும் முடியாது, உள்ளே வைத்திருக்கவும் முடியாது. எனவே கராஜைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், மண்ணுக்குள் செருகும் கம்பியுடன் கூடிய, மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் நினைவில் வைத்திருக்கும் வெப்பமானி ஒன்றை இப்போதே வாங்கி, மரங்களை வைக்கும் முன்பே ஒரு வாரம் அங்கே வைத்துப் பாருங்கள். வெளிச்சுவர் ஓரமாக, தரையில், கார்க் கதவிலிருந்து தள்ளி வையுங்கள்.

கராஜில் மரங்கள் சாவதற்கு முதன்மையான காரணம் குளிரல்ல, வறட்சி. அங்கே மழையும் இல்லை, பனியும் இல்லை; பார்வையிலிருந்து மறைந்துவிட்ட தொட்டி நினைவிலிருந்தும் மறைந்துவிடுகிறது. பத்து நாளுக்கு ஒருமுறையாவது விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து இரண்டு கை பனியை அள்ளித் தொட்டியின் மேல் வைத்துவிட்டால், மண் உறைந்திருக்கும்போது பனியும் அப்படியே கிடக்கும், மண் இளகும்போது பனியும் உருகி நீர் இறங்கும். அளவு தவறுவதற்கே இடமில்லை.

உறைவதற்கு முன் மண் ஈரமாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாக மாறும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. மண்ணிலுள்ள நீர் முழுவதும் உறைந்து முடியும்வரை வேரைச் சுற்றிய வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே தயங்கி நிற்கும், அதன் பிறகே வேகமாக இறங்கும். காய்ந்த மண்ணில் இந்தத் தயக்கம் இல்லை. வெப்பநிலை நேராக விழும். ஆகவே கடுங்குளிர் வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததும், மண் இன்னும் உறையாமல் இருந்தால், அன்று பகலிலேயே நன்றாக நீர் ஊற்றிவிடுங்கள். வீட்டு வெளிக்குழாயை நவம்பரிலேயே அடைத்து நீரை வடித்துவிடுவோம் என்பதால் உள்ளிருந்துதான் கொண்டுபோக வேண்டியிருக்கும். குளிர்ந்த நீரே போதும்.

காற்றுக் குளிர்ச்சி என்று வானிலை அறிக்கையில் சொல்லும் எண்ணையும் மரத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அது உடற்சூடுள்ள மனிதரின் தோல் எவ்வளவு வேகமாக வெப்பத்தை இழக்கிறது என்பதைக் காட்டும் கணக்கு. காற்று -12 டிகிரி என்றால், எவ்வளவு வேகமாக வீசினாலும் தொட்டி -12 டிகிரிக்குக் கீழே போகாது. ஆனால் அந்த அளவுக்கு விரைவில் இறங்கும், இலைகளும் விரைவில் காயும். காற்றைத் தடுப்பது அதற்காகத்தான்.

கிழக்குத் தோட்டம் (ஸ்காபரோ) எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முற்றத்து மேப்பிளுக்கும் என் மேப்பிளுக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகிவிட்டது. வடக்கு நிலத்தையே தேர்ந்தெடுக்கப் போகிறேன், இந்த வார இறுதியிலேயே குழி வெட்டிவிடுவேன். இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேப்பிள் இருப்பது நீல மெருகிட்ட முட்டைவடிவச் சாடி, ஜூனிப்பருடையது மெருகில்லாத கபிலநிறச் சாடி, எல்மோ சாதாரணச் சிவப்புக் களிமண் சாடியில் நிற்கிறது. இவற்றில் எது வெடிக்கும்? அடுத்தது, எங்கள் வளவில் முயல்களும் எலிகளும் உண்டு. மரப்பட்டைக் குவியல் அவற்றுக்கு வீடு கட்டிக்கொடுத்ததாக ஆகிவிடாதா?

மழைநாடு (லண்டன், இங்கிலாந்து) எழுதியது:

சாடிகளைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் குளிரைவிட ஈரமும், அந்த ஈரம் அடிக்கடி உறைந்து உருகுவதுமே பெரிய தொல்லை.

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. சாடி இரண்டு விதமாக உடையலாம். களிமண்ணே நீரை உறிஞ்சியிருந்தால், அந்த நீர் சுவருக்குள் உறைந்து செதில் செதிலாகப் பெயர்த்தெடுக்கும். குறைந்த சூட்டில் சுட்ட சிவப்புச் சாடிகளுக்கு நேர்வது இதுதான், ஆகவே உங்கள் எல்மின் சாடியே முதலில் ஆபத்தில் இருப்பது. மிக உயர்ந்த சூட்டில் சுட்ட கற்சாடிகள், ஜப்பானின் தொக்கொனாமே ஊரில் செய்யப்படும் மெருகில்லாத கபிலநிறச் சாடிகள் போன்றவை, மிகச் சிறிதளவே நீரை உறிஞ்சுவதால் அவ்வளவு எளிதில் பெயராது. மெருகு இருக்கிறதா இல்லையா என்பதைவிட எந்தச் சூட்டில் சுட்டது என்பதுதான் முக்கியம். மெருகில்லாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்; உடனே உறிஞ்சி மறைந்தால் அந்தச் சாடியைக் குளிர்காலத்துக்கு நம்ப வேண்டாம்.

இரண்டாவது விதம், சாடியின் வடிவத்தால் வருவது. மேல்நோக்கி விரியும் சாடியில் மண் உறைந்து பெருகும்போது மேலே எழும்பிக்கொள்ள இடமிருக்கும். வாய் உட்புறமாக வளைந்த சாடியிலோ, வயிறு பெருத்த சாடியிலோ மண்கட்டிக்குப் போக்கிடம் இல்லாததால் அது சுவரைப் பிளக்கும். உங்கள் நீலச் சாடியின் விளிம்பு உள்ளே வளைந்திருந்தால், இந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் அந்த மரத்தை வேர்க்கட்டி கலையாமல் அப்படியே தூக்கி ஒரு மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் கூடையிலோ இறக்கி வைக்கலாம். வேரை வெட்டவோ மண்ணைக் கழுவவோ இது காலமல்ல.

நீர் தேங்காமல் இருந்தால் உறையும் நீரின் அளவும் குறையும். மண்ணுக்குள் இறக்காமல் வெளியே வைத்திருக்கும் சாடிகளுக்கு நாங்கள் ஒரு பக்கத்தின் கீழே விரல் கன மரத்துண்டு ஒன்றை வைத்துச் சாய்த்துவிடுவோம். ஆழமற்ற சாடியின் அடியில் தங்கும் நீர் தாழ்ந்த மூலைத் துளையின் வழியாக ஓடிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை எங்கள் ஊரில் பெய்யும் மழைக்கு இதுவே வேரழுகலைத் தடுக்கும் முதல் மருந்து. நடும் கலவையில் அக்கடாமா இருந்தால், அந்தக் களிமண் மணிகள் ஒவ்வோர் உறைவிலும் நொறுங்கித் தூளாகும் என்பதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நுரைக்கல்லும் எரிமலைக்கல்லும் அப்படி நொறுங்குவதில்லை.

ஏழாம் மாடி (மொன்றியல்) எழுதியது:

வளவு இல்லாமல் பால்கனி மட்டுமே உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். மேலே சொன்ன நிலத்தின் வெப்பம் ஏழாம் மாடியில் எனக்குக் கிடையாது. பால்கனித் தளத்தின் கீழேயும் காற்றுதான். வெறும் பெட்டியும் வெறும் போர்வையும் இங்கே பயன்படாது என்பதற்கு முதல் பதிலில் காட்டிய காரணமே போதும்.

நான் செய்திருப்பது இதுதான். ஐந்து சென்றிமீற்றர் கனமுள்ள தெர்மகோல் பலகைகளைக் கொண்டு அடியும் மூடியும் உள்ள பெட்டி ஒன்றைக் கட்டி, வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். அடியில் நாற்றுத் தட்டுகளுக்கு விற்கும் வெப்பக் கம்பியை வளைத்துப் போட்டு, அதன் மேல் மணல் பரப்பி, மணலின் மேல் சாடிகளை வைத்து, இடைவெளிகளை மரப்பட்டைத் தூளால் நிரப்பியிருக்கிறேன். கம்பி தானாக எப்போதும் எரிவதில்லை. சாடி மண்ணில் செருகிய உணரியோடு இணைந்த கட்டுப்பாட்டுக் கருவி -3 பாகையில் அதை இயக்கி 0 பாகையில் நிறுத்திவிடும். 0 பாகைக்கு மேல் போகவிடாததுதான் இதில் முக்கியம், ஏனென்றால் வேரைச் சூடாக்கி மரத்தை எழுப்பிவிடும் பெட்டி அதைக் காக்கும் பெட்டியல்ல. கிளைகள் பெட்டிக்கு வெளியே திறந்த காற்றில் நிற்கின்றன, காற்று வரும் பக்கம் மட்டும் சாக்குத் துணி கட்டியிருக்கிறேன். மின்சாரத்தை வெளியே கொண்டுபோகிறவர்கள் வெளிப்புறத்துக்கென்றே செய்த, நிலக்கசிவைக் கண்டு துண்டிக்கும் இணைப்பையே பயன்படுத்த வேண்டும்.

இதைவிட எளிய வழி, இந்த ஊர்க் குளிரைத் தாங்கும் மரங்களையே தேர்ந்தெடுப்பது. கனடாவின் வடக்கே மரங்கள் முடியும் எல்லைவரை வளரும் தமராக் லார்ச், வேலிக்கு வைக்கும் வெள்ளைச் சீடர், அமூர் மேப்பிள் ஆகிய மூன்றும் அழகான போன்சாய்களாக வரும். ஜப்பானிய மேப்பிளுக்குப் படும் கவலையில் கால்வாசிகூட அவற்றுக்குத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். போன்சாய் என்றாலே ஜப்பானிய மரம் என்று எண்ணி, ஜப்பானில் சொல்லப்படும் முறையையே இங்கே பின்பற்றப் பார்க்கிறோம். டோக்கியோவில் ஜனவரி இரவுகள் சராசரியாக உறைநிலைக்குச் சற்று மேலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும் அங்குள்ளவர்கள் மென்மையான மரங்களை 'மூரோ' எனப்படும் பாதி நிலத்தடிக் கொட்டகைகளில் வைத்துக் காக்கிறார்கள். மேசைமேல் பனி படிந்த போன்சாயின் படத்தைப் பார்த்து நம் ஊரிலும் அப்படியே விட்டுவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வேரடி மண் (மார்க்கம்) எழுதியது:

எலிகளைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. அது சிறிய கேள்வியல்ல. பனிக்கடியில் சுரங்கம் வைத்து வரும் வயலெலிகள் அடிமரத்தின் பட்டையை வளையமாகக் கொறித்துவிட்டால், பல ஆண்டுகள் வளர்த்த மரம் வேர் நலமாக இருந்தும் மேலே காய்ந்துபோகும். கால் அங்குலக் கண்ணியுள்ள இரும்பு வலையை உருளையாக வளைத்து, குழிக்குள் நான்கு விரல் ஆழம் புதையும்படி ஒவ்வொரு மரத்தையும் சுற்றி நிறுத்துங்கள். வலையின் உயரம் நீங்கள் எதிர்பார்க்கும் பனியின் உயரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முயல் பனியின் மேல் நின்று சாவகாசமாக மேற்கிளைகளைக் கடிக்கும். மரப்பட்டைக் குவியலை மிகவும் முன்னதாகப் போடாமல் நிலத்தின் மேற்பரப்பு சற்று உறைந்த பிறகு போட்டால், எலிகள் அதற்குள் வேறிடம் தேடிக்கொண்டிருக்கும்.

இனி, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று. ஜனவரியைக் கடந்த மரங்களை ஏப்ரல் கொன்றுவிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. மரத்தின் குளிர் தாங்கும் திறன் குளிர்காலம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மண் இளகி வேர் விழித்து மொட்டு வீங்கத் தொடங்கியதும் அந்தத் திறன் கரைந்துவிடும். ஜனவரியில் -8 பாகையைப் பொறுத்த வேர் ஏப்ரலில் -4 பாகையில் சேதமடையலாம், விரிந்த மேப்பிள் துளிரோ -1, -2 பாகையிலேயே கருகிவிடும். ஆகவே மார்ச் இறுதியில் ஓர் இதமான வாரம் வந்தவுடன் மரப்பட்டைக் குவியலைக் கலைத்து மரங்களை மேசைக்கு ஏற்றிவிடாதீர்கள். முதலில் மேலே உள்ள பாதியை மட்டும் விலக்குங்கள். மண் முழுவதும் இளகிவிட்டதா என்று மெல்லிய குச்சியைச் செருகிப் பார்த்து, இளகியிருந்தால் நீர் ஊற்றத் தொடங்குங்கள், ஏனென்றால் மேலே வெயிலும் கீழே உறைந்த வேருமாக இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான் ஜூனிப்பர் அதிகம் காய்கிறது.

மொட்டுகள் பிளந்த பிறகு, உறைபனி அறிவிப்பு வரும் ஒவ்வோர் இரவும் சாடிகளைக் கராஜுக்குள் தூக்கிவைத்து, காலையில் மறுபடி வெளியே கொண்டுவர வேண்டியிருக்கும். உங்கள் கராஜ் உண்மையில் பயன்படப்போவது அப்போதுதான். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள இரவுகளில், அறிவிப்பு 2 பாகை என்றாலும் எச்சரிக்கையாக இருங்கள். நிலமும் இலையும் தம் வெப்பத்தை வானுக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்படிப்பட்ட இரவில் தூக்க முடியாத பெரிய சாடிக்கு மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் குச்சிகளின் மேல் கூடாரம்போலப் போட்டாலே துளிர் தப்பிவிடும். வரும் வசந்தத்தில் சாடி மாற்றுவதாக இருந்தால், வேர் வெட்டிய மரத்தை அதன் பிறகு ஒரு மாதத்துக்காவது உறைநிலைக்குக் கீழே போகவிடக் கூடாது. எல்முக்குச் சாடி மாற்றும் எண்ணம் உங்களுக்கு வரும் என்று நினைக்கிறேன், அதை ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் செய்ய வேண்டாம்.

ஒரு மரம் துளிர்க்காமல் நின்றால் உடனே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நகத்தால் சிறு கிளையின் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள்: அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் கபிலநிறமாக இருந்தாலும் அடிமரத்தை நோக்கிச் சற்றுக் கீழே வந்து மறுபடி பாருங்கள். ஜூனிப்பர் மட்டும் இதற்கு எதிர்மாறு. வேர் இறந்த பிறகும் அதன் செதில்கள் பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். புதிய வெளிர்பச்சை நுனிகள் வந்த பிறகே அது பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியும். உறைபனிக்கு அஞ்சும் செடிகளை, மே பிற்பகுதியில் வரும் விக்ரோரியா தின வார இறுதிக்குப் பிறகு வெளியே வைப்பது இங்குள்ளவர்களின் வழக்கம். உங்கள் ஆலுக்கு அதுவும் சற்று முந்திய காலம்தான். இரவுகள் 12 பாகைக்குக் கீழே போகாத ஜூன் தொடக்கம்வரை அது ஜன்னலருகேயே இருக்கட்டும்.